அணுகுண்டுச் சோதனைப் புகைப்படப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் புகைப்படப் புத்தகங்களுக்கு ஒரு தட்டு உண்டு. அதில் அணுகுண்டுச் சோதனைகள் பற்றியவை சில இருக்கின்றன. வீட்டுக்கு வருபவர்களில் யாராவது ஒருவர் அதில் ஒன்றை எடுத்துப் புரட்டுவார், பத்துப் பக்கத்துக்குள் கேள்விகள் ஆரம்பித்துவிடும். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அணுகுண்டு வெடிக்கிறதைப் படம் எடுத்து, அதைப் புத்தகமாவும் போட்டிருக்காங்களா? நிஜமாவா?

நிஜமாகத்தான். 1945 ஜூலை முதல் 1962 நவம்பர் வரை அமெரிக்கா மட்டுமே தரைக்கு மேலும் நீருக்கடியிலும் 216 வெடிப்புகளை நடத்தியது. ஒவ்வொன்றையும் பல கேமராக்கள் படம் எடுத்தன. பல பத்தாண்டுகள் அந்தப் படங்களில் பெரும்பகுதி ரகசியமாகப் பூட்டிக் கிடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அரசு ஆவணக் காப்பகங்களில் தேடி, பொறுக்கி, சுத்தம் செய்து அச்சிட்டவைதான் இந்தப் புத்தகங்கள்.

இவற்றில் அதிகம் பேசப்படுவது மைக்கேல் லைட் 2003இல் வெளியிட்ட 'நூறு சூரியன்கள்'. அந்த 216இலிருந்து தேர்ந்தெடுத்த நூறு படங்கள் அதில் உள்ளன. கீதையின் விசுவரூப தரிசனத்தில் வரும் ஆயிரம் சூரியன்கள் என்ற வரி நம்மவர்களுக்குப் பழக்கமானது. அணுகுண்டை உருவாக்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த வரிதான் தலைப்பின் மூலம்.

அப்போ இதெல்லாம் ஹிரோஷிமா, நாகசாகி படங்களா?

இல்லை. நான் மிக அதிகமாகத் திருத்த வேண்டியிருக்கும் குழப்பம் இதுதான். ஹிரோஷிமாவின் மேகத்தைப் படம் எடுத்தவர் குண்டு போட்ட விமானத்தின் வால்பகுதி வீரர் ஜார்ஜ் கேரன். நாகசாகி மேகத்தின் புகழ்பெற்ற படம் சார்லஸ் லெவி எடுத்தது. இரண்டுமே விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். வண்ணத்தில், கூர்மையாக, தென்னை மரமோ கப்பலோ முன்னால் தெரியும்படி ஒரு காளான் மேகத்தைப் பார்த்தால் அது சோதனைப் படம்.

நாளிதழ்களில் ஆகஸ்ட் 6 அன்று 'ஹிரோஷிமா' என்று அச்சாகும் படங்களில் பல உண்மையில் 1946 ஜூலை 25 அன்று பசிபிக்கின் பிகினி தீவில் நீருக்கடியில் நடந்த 'பேக்கர்' வெடிப்பு, அல்லது 1970 ஜூலை 3 அன்று அதே கடலின் முருரோவா தீவில் பிரான்ஸ் நடத்திய 'லிகோர்ன்'. ஹிரோஷிமா குண்டு சுமார் 15 கிலோடன், லிகோர்ன் 914 கிலோடன். படத்தை மாற்றிப் போட்டால் அறுபது மடங்கு தவறு.

கிலோடன், மெகாடன்னு போட்டிருக்கே, அது குண்டோட எடையா?

எடை இல்லை, வெடிப்பின் ஆற்றல். ஒரு கிலோடன் என்றால் ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்து வெடித்தால் வெளிப்படும் ஆற்றல். ஆயிரம் கிலோடன் ஒரு மெகாடன். இந்தப் புத்தகங்களில் இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். மேகத்துக்குப் பக்கத்தில் அளந்து பார்க்க எதுவும் இருக்காது என்பதால் 2 கிலோடனும் 10 மெகாடனும் தாளில் ஒரே அளவாகத் தெரியும்.

படம் எடுத்தவங்க பேரே போடலையே. யார் எடுத்தது?

முக்கால்வாசி, சம்பளத்துக்கு வேலை பார்த்த ராணுவ, அரசு, ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். ஹாலிவுட்டுக்கு அருகே லாரல் கேன்யனில் 'லுக்கவுட் மவுன்டன்' என்ற பெயரில் விமானப்படை ஒரு முழு ஸ்டுடியோவையே 1969 வரை நடத்தியது. சினிமாத் தொழிலில் இருந்தவர்களே ரகசியம் காப்போம் என்று உறுதிமொழி கொடுத்துவிட்டு அங்கே வேலை செய்தார்கள். வேலையைப் பற்றி வீட்டில்கூடப் பேச முடியாது. பெயர் போடுவது எங்கிருந்து வரும்?

சில பெயர்கள் தெரியும். 1945 ஜூலை 16 விடிகாலை, நியூ மெக்சிகோவில் நடந்த முதல் சோதனையான டிரினிட்டியில் புகைப்படக் குழுவின் தலைவர் பெர்லின் பிரிக்ஸ்னர். பெர்லின் என்பது அவருடைய பெயர்தான், ஜெர்மனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதே நாளின் புகழ்பெற்ற வண்ணப்படத்தை எடுத்தவர் ஜாக் ஏபி. அவர் அந்தக் குழுவிலேயே இல்லை, அனுமதி வாங்கி சொந்தக் கேமராவோடு வந்த ஊழியர். அப்புறம் ஹெரால்ட் எட்ஜர்டன். துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைக்கும் படம் எடுத்த அதே எம்ஐடி பேராசிரியர். அவரும் ஜெர்மஸ்ஹவுசன், கிரையர் இருவரும் சேர்ந்து 1947இல் ஆரம்பித்த ஈஜி அண்ட் ஜி நிறுவனம்தான் சோதனைகளின் அதிவேகப் படப்பிடிப்பைச் செய்தது.

இவ்வளவு படம் எதுக்கு? பயமுறுத்தவா, பெருமைக்கா?

இரண்டும் உண்டு. ஆனால் முதல் காரணம் அளப்பது. வெடிப்புக்குப் பக்கத்தில் வைக்கும் கருவி அழிந்துபோகும். தூரத்திலிருந்து எடுத்த படம் தப்பிக்கும். தீக்கோளம் எந்த நொடியில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தால் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு சோதனையின் கிலோடன் எண்ணே பல சமயம் படத்திலிருந்து வந்ததுதான்.

இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. டிரினிட்டியின் தீக்கோளப் படங்களை அமெரிக்கா 1947இல் வெளியிட்டது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நேரமும் அளவுகோலும் இருந்தன. குண்டின் ஆற்றல் அப்போதும் ரகசியம். இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 0.025 நொடியில் ஆரம் சுமார் 140 மீட்டர். ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதமாக வளர வேண்டும் என்ற தன் சமன்பாட்டில் போட்டுப் பார்த்து, சுமார் 17 கிலோடன் என்று 1950இல் அச்சிட்டார். அமெரிக்கா ரகசியமாக வைத்திருந்த எண்ணுக்கு அது அருகில் இருந்தது. படத்தை வெளியிட்டவர்கள் ரகசியத்தையும் சேர்த்தே வெளியிட்டிருந்தார்கள்.

பக்கத்துல நின்னா எடுத்தாங்க? கேமரா உருகிடாதா?

மனிதர்கள் கிலோமீட்டர்கள் தள்ளி இருந்தார்கள். டிரினிட்டியில் பிரிக்ஸ்னர் இருந்தது 10,000 கஜம், அதாவது 9 கிலோமீட்டர் தூரத்தில். அருகில் வைத்த கேமராக்கள் ஈயப் பெட்டிகளுக்குள், ஆளில்லாமல், தானாக ஓடின. ஈயம் வெப்பத்துக்காக அல்ல. கதிர்வீச்சு ஃபிலிமில் பட்டால் ஒளி பட்ட மாதிரியே அது புகைந்துபோகும், அதைத் தடுக்கத்தான்.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1957 ஜூலை 19 அன்று நெவாடாவில், தலைக்கு மேலே ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் 2 கிலோடன் குண்டு வெடிக்க, அதற்கு நேர் கீழே ஐந்து அதிகாரிகள் நிற்கும் படம் ஒன்று உண்டு. வான் பாதுகாப்புக்கு அணு ராக்கெட் பயன்படுத்தினால் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை என்று காட்ட எடுத்தது. ஐவரும் தாங்களாக முன்வந்தவர்கள். ஆறாவது ஆள் ஒருவர் உண்டு, அவர் படத்தில் இல்லை. கேமராவைப் பிடித்த ஜார்ஜ் யோஷிடாகே. தலையில் ஒரு பேஸ்பால் தொப்பி, அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஒரு படத்துல காளானே இல்ல. கீழ்ப்பக்கம் முள்ளு முளைச்ச பந்து மாதிரி என்னமோ இருக்கு. அது என்ன?

அதுவும் அணுகுண்டுதான், ஆனால் வெடித்து ஒரு மில்லிநொடிகூட ஆகாத நிலை. காளான் வருவதற்கு இன்னும் பல நொடிகள் இருக்கின்றன. எட்ஜர்டன் குழு உருவாக்கிய ராப்பட்ரானிக் என்ற கேமரா எடுத்தது. சாதாரண ஷட்டரின் இலைகள் இந்த வேகத்துக்கு அசையவே முடியாது. அதனால் இதில் அசையும் பாகமே இல்லை. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு வடிகட்டிகள் ஒளியை முழுக்க மறைக்கும். நடுவில் இருக்கும் கண்ணாடியைச் சுற்றிய கம்பிச்சுருளில் ஒரு மின்துடிப்பு பாயும்போது, காந்தப்புலத்தால் ஒளியின் தளம் திரும்பி, மைக்ரோநொடிக் கணக்கில் வழி திறந்து மூடும். ஒரு கேமராவில் ஒரே ஒரு படம். அடுத்தடுத்த கணங்கள் வேண்டுமானால் வரிசையாகப் பல கேமராக்களை வைக்க வேண்டும்.

அந்த முட்களுக்கு விளக்கம் தந்தவர் இயற்பியலாளர் ஜான் மாலிக். குண்டு கோபுரத்தின் உச்சியில் இருக்கும். கோபுரத்தை இழுத்துப் பிடிக்கத் தரைக்குக் கம்பிவடங்கள் கட்டியிருக்கும். தீக்கோளத்தின் விளிம்பு வந்து சேர்வதற்கு முன்பே அதன் ஒளி அந்த வடங்களை ஆவியாக்கிவிடுகிறது. அந்த ஆவிதான் முள்ளாக நீள்கிறது. வடத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசினால் முள் பெரிதானது, ஒளியைத் திருப்பும் பூச்சு பூசினால் முள் இல்லை. எனக்கு இந்த வகைப் படங்களில் மிகவும் பிடித்தது இதுதான். பார்த்தவுடன் என்னவென்றே தெரியாமல் விழிக்க வைக்கும் படம் புத்தகத்தில் வேறு கிடையாது.

மேகத்துக்குப் பக்கத்துல நேர் நேரா வெள்ளைக் கோடு இருக்கே. குண்டு கீழ விழுந்த தடமா?

இல்லை. வெடிப்புக்குச் சற்று முன் ஏவிய சிறு ராக்கெட்டுகளின் புகைத்தடம். அதிர்வலை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது கடக்கும் இடத்தில் பின்னால் இருக்கும் கோடு வளைந்து உடைந்ததுபோலத் தெரியும். கோடு எந்த நொடியில் எங்கே உடைகிறது என்று பார்த்து அலையின் வேகத்தை அளந்தார்கள். மேலே அளப்பது பற்றிச் சொன்னதற்கு இதுவும் உதாரணம்.

கலரெல்லாம் நிஜமா? கம்ப்யூட்டர்ல போட்டதா?

மூன்று வகை உண்டு. சாதாரண வண்ண ஃபிலிமில் எடுத்தவை ஏறக்குறைய நிஜம். 1954 மார்ச்சில் பிகினியில் வெடித்த 11 மெகாடன் 'ரோமியோ'வின் செக்கச் சிவந்த மேகம் இந்த வகை. ஆனால் அறுபது எழுபது வருடத்தில் ஃபிலிமின் சாயங்கள் ஒரே சீராக மங்குவதில்லை. சரிசெய்தவரின் கண்ணும் ஊகமும் அதில் கலந்திருக்கும்.

இரண்டாவது, வேண்டுமென்றே பொய் வண்ணம். ஈஜி அண்ட் ஜியில் சார்லஸ் வைக்காஃப் ஒரு ஃபிலிம் உருவாக்கினார். அதில் மூன்று அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உணர்திறன், அடையாளம் தெரிய வேறு வேறு நிறம். தீக்கோளத்தின் கண்கூசும் நடுப்பகுதியும் அதைச் சுற்றியுள்ள இருட்டும் ஒரே படத்தில் பதிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதில் மஞ்சளும் நீலமும் வெளிச்சத்தின் அளவைச் சொல்கின்றன, பொருளின் நிறத்தை அல்ல. மூன்றாவது வகை, கறுப்பு வெள்ளைக்குப் பிற்காலத்தில் வண்ணம் பூசியது. நல்ல புத்தகங்களில் அது இருக்காது.

ஒரு வீடு நொறுங்குற வரிசைப் படம் இருக்கே, அது சினிமா செட்டா?

நொறுங்குவதற்காகவே கட்டிய வீடு, அந்த வகையில் செட்தான். நொறுக்கியது உண்மையான குண்டு. 1953 மார்ச் 17, நெவாடா, 16 கிலோடன் 'ஆனி'. வீடு வெடித்த இடத்திலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் இருந்தது. முதல் படத்தில் வீட்டின் முகப்பு பளிச்சென்று இருக்கும். விடியாத வேளை, விளக்கு எதுவும் போடவில்லை, அது குண்டின் வெளிச்சம். அடுத்ததில் வண்ணப்பூச்சு புகைகிறது. அதற்குப் பிறகுதான் அதிர்வலை வருகிறது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே இரண்டே கால் நொடி சொச்சம்.

ஏன் பேரெல்லாம் ஆனி, ரோமியோ, பேக்கர்னு?

ரகசியக் குறியீடுகள். ஆரம்பத்தில் வானொலி எழுத்துக்கூட்டலில் இருந்து வந்தன: ஏபிள், பேக்கர், சார்லி. பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வழக்கம். 1956இல் பசிபிக்கில் நடந்த சோதனைகளுக்கு செரோக்கி, நவஹோ, அப்பாச்சி என்று அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர்களை வைத்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை போலும்.

எதுல ஆரம்பிக்கலாம்? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு?

ஒரே மாதிரி இல்லை. வெறும் பார்வை அனுபவம் வேண்டுமானால் முதலில் சொன்ன லைட்டின் புத்தகம். பாலைவனம், கடல் என்று இரண்டு பகுதி. படத்தோடு பெயர், கிலோடன், இடம், ஆண்டு மட்டும் இருக்கும், விளக்கமெல்லாம் கடைசியில். முதல் தடவை அந்தக் கடைசிப் பக்கங்களைப் படிக்காமல் பாருங்கள். இரண்டாவது தடவை ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டு பாருங்கள். வேறு புத்தகம் மாதிரி இருக்கும்.

எப்படி எடுத்தார்கள் என்ற ஆர்வம் இருந்தால் பீட்டர் குரானின் 'அணுகுண்டைப் படம் எடுப்பது எப்படி'. 2006இல் வந்தது. அவர் ஹாலிவுட்டில் விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்தவர். கேமராக்கள், பதுங்கு குழிகள், அந்த ஊழியர்கள் எல்லாம் அதில் வருகிறார்கள். மேலே நான் சொன்ன தொழில்நுட்பச் சங்கதிகளில் ஈடுபாடு வந்தவர்களுக்கு அதுதான் சரி. வெடிப்பே வேண்டாம், அது விட்டுப்போன தழும்பு போதும் என்றால் எம்மட் கோவின் 1990களில் நெவாடா சோதனைத் திடலை வானிலிருந்து எடுத்த படங்கள், 2019இல் புத்தகமாயின. 1962இல் 104 கிலோடன் குண்டைப் புதைத்து வெடித்ததால் உண்டான 'செடான்' பள்ளம், குறுக்களவு கிட்டத்தட்ட 390 மீட்டர், ஆழம் நூறு மீட்டர். அது மாதிரிப் பள்ளங்களும் குழிகளும் பக்கம் பக்கமாக.

ஆன்லைன்ல இதே படங்களோட ரொம்ப மலிவா ஒரு புக் வருதே. வாங்கலாமா?

அமெரிக்க அரசு ஊழியர் வேலையாக எடுத்த படத்துக்கு அந்த நாட்டில் காப்புரிமை கிடையாது. அதனால் யாரும் தரவிறக்கி அச்சிட்டு விற்கலாம், விற்கிறார்கள். பிரிட்டன், பிரான்ஸ் படங்களுக்கு இது பொருந்தாது. வாங்குமுன் மாதிரிப் பக்கங்களில் படக்குறிப்பைப் பாருங்கள். சோதனையின் பெயர், தேதி, இடம், கிலோடன் நான்கும் இருக்கிறதா? ரோமியோவின் படத்துக்குக் கீழே, அதே மாதம் நடந்த வேறொரு சோதனையின் பெயரான 'பிராவோ' என்று போட்டிருந்தால் மூடி வைத்துவிடலாம். அந்தத் தவறு அவ்வளவு சகஜம்.

நம்ம பொக்ரான் படங்கள் ஏன் இப்படி இல்ல?

பொக்ரானில் நடந்தவை எல்லாம் நிலத்தடிச் சோதனைகள். 1974 மே 18 அன்று குண்டு 107 மீட்டர் ஆழத்தில் இருந்தது. நிலம் மேடாக எழும்பி, பிறகு பள்ளமாக அமர்ந்தது, அதுதான் படம். 1998 மே சோதனைகளுக்கும் வெடித்த இடத்தைப் பிரதமர் வாஜ்பாயி பார்வையிடும் படம்தான் நினைவில் நிற்கிறது. அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் உடன் நின்ற நாள் அது.

உலகம் முழுக்கவே இதே கதைதான். 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. பிரான்ஸ் 1974 வரையும் சீனா 1980 வரையும் காற்றில் வெடித்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு புதிய காளான் படமே கிடையாது. இந்தப் புத்தகங்கள் எல்லாம் முடிந்துபோன ஒரு காலத்தின் படங்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

அழகா இருக்கு. அப்படிச் சொல்றதே தப்போ?

அழகாகத்தான் இருக்கின்றன, இல்லை என்று நடிக்க வேண்டாம். நல்ல லென்ஸ், நல்ல ஃபிலிம், பாலைவனத்து விடியல், பசிபிக் வானம். எனக்கு இருக்கும் குறை வேறு. கேமராக்களை எல்லாம் குண்டை நோக்கித் திருப்பினார்கள். முதுகுப் பக்கம் இருந்தவர்களைப் புத்தகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

1946இல் பிகினியிலிருந்து அப்புறப்படுத்திய 167 பேர் தற்காலிகமாகத்தான் போகிறோம் என்று நினைத்தார்கள். 1954 மார்ச் 1 அன்று பிராவோ, 6 மெகாடன் என்று எதிர்பார்த்து வைத்த குண்டு, 15 மெகாடன் வெடித்தது. ரோங்கலாப் தீவின் மக்கள் மீது வெள்ளைப் பொடியாகச் சாம்பல் விழுந்தது. பெயரிலேயே அதிர்ஷ்டம் கொண்ட ஐந்தாம் ஃபுகுர்யு மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் 23 பேர் இருந்தார்கள். அவர்களில் ஐகிச்சி குபோயாமா செப்டம்பரில் இறந்தார். பிராவோவின் மேகப் படத்தைப் பார்க்கும்போது இந்தத் தகவல்கள் அந்தப் பக்கத்தில் இருக்காது.

அதற்கு வேறு புத்தகம் வேண்டும். கேரல் கேலகர் நெவாடாவுக்குப் பக்கத்து மாநிலமான யூட்டாவுக்கே குடிபோய், நெவாடாவின் காற்று வீசிய திசையில் வாழ்ந்தவர்களையும் திடலின் தொழிலாளர்களையும் சோதனைகளுக்கு நிறுத்தப்பட்ட சிப்பாய்களையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்து, அவர்கள் சொன்னதையும் பதிவுசெய்து 1993இல் வெளியிட்டார். முடிந்தால் இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள், ஒன்றாகவே வையுங்கள்.

குண்டு வெடிச்சதால ஃபிலிமே கெட்டுப்போச்சுன்னு கேள்விப்பட்டேன். கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. 1945இன் கடைசியில் கோடாக்கின் எக்ஸ்ரே ஃபிலிம்கள் உபயோகிக்கும் முன்பே புள்ளி விழுந்திருந்தன. அந்த நிறுவனத்தின் இயற்பியலாளர் ஜூலியன் வெப் காரணத்தைத் தேடினார். கோளாறு ஃபிலிமில் இல்லை, அதைப் பொதிந்த வைக்கோல் அட்டையில் இருந்தது. அட்டை வந்தது இண்டியானாவில் ஆற்றோரம் இருந்த ஒரு ஆலையிலிருந்து. டிரினிட்டியிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். சோதனையின் கதிரியக்கத் தூசு காற்றில் போய், மழையில் இறங்கி, ஆற்று நீர் வழியாக அட்டையில் கலந்திருந்தது. பிற்பாடு நெவாடா சோதனைகளுக்கு முன் ஃபிலிம் தயாரிப்பாளர்களுக்கு அரசு முன்கூட்டியே தகவல் கொடுத்தது. அந்தத் தகவல் அதே காற்றில் இருந்த ஊர்க்காரர்களுக்குப் போகவில்லை.

இன்னும் வெளிய வராத படங்கள் இருக்குமா?

இருக்கின்றன. 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் வெடித்த 50 மெகாடன் குண்டின் முழு ஆவணப்படத்தை ரஷ்யா 2020இல்தான் வெளியிட்டது. அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் கிரெக் ஸ்ப்ரிக்ஸ் என்ற இயற்பியலாளர் தலைமையில் சுமார் 10,000 பழைய சோதனை ஃபிலிம்களைத் தேடி ஸ்கேன் செய்யும் வேலை நடந்தது. டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை. அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வரும் வாசனை அது. 2017இலிருந்து ஒரு பகுதியை யூடியூபில் போட்டார்கள், இலவசமாகவே பார்க்கலாம்.

ஸ்கேன் செய்த படங்களை மறுபடி அளந்தபோது, பழைய கிலோடன் எண்களில் சில 20, 30 சதவீதம் வரை தப்பாக இருந்தன. டிரினிட்டிக்கே நெடுங்காலம் 21 என்று போட்டுக்கொண்டிருந்தார்கள், 2021இல் வந்த மறு ஆய்வு சுமார் 25 என்கிறது. அதனால் ஒரே சோதனைக்கு இரண்டு புத்தகங்களில் இரண்டு எண் இருந்தால் உடனே அச்சுப்பிழை என்று நினைக்காமல், முதலில் புத்தகம் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள்.